ஆமா வரும்வரை

"அந்த உப்பை எடுங்க."

"உப்பை எடுக்கறேன்."

"ஆமா, எடுங்க."

இந்த மூன்றாவது வரி வராமல் அந்த வீட்டில் உப்பு ஜாடி இடம் விட்டு நகராது. லிஃப்ட் மெக்கானிக் ஜாடியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். அவர் மனைவி தையல்காரி. அவள் பல்லிடுக்கில் குண்டூசி இருந்தால் 'ஆமா' வரக் கொஞ்சம் தாமதமாகும். அதுவரை அடுப்பில் எது கொதித்தாலும் கொதிக்க வேண்டியதுதான்.

"கல்யாணமான புதுசுல உங்கப்பா இப்படி இல்லடி," என்று அவள் மகளிடம் சொல்வாள். "நீ சுவரைப் பிடிச்சு நடக்க ஆரம்பிச்ச சமயம். எங்கிருந்தோ தொத்திக்கிட்டு வந்தார்."

"தொழில் பழக்கம்," என்பார் அவர். பேச்சு அதற்கு மேல் போகாது.

அது பொய்யும் இல்லை. லிஃப்ட் வேலை எப்போதும் இரண்டு பேர் வேலை. ஒருவர் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் இருப்பார். இன்னொருவர் கீழே லிஃப்ட் கூண்டின் தலை மேல் ஏறி நின்று, பக்கத்துத் தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் போடுவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இரும்புக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் குரல் மட்டும் போகும். "ஒரு மாடி இறக்கு" என்று கீழிருந்து வரும். "ஒரு மாடி இறக்கறேன்" என்று மேலிருந்து போகும். "ஆமா" என்று மறுபடி கீழிருந்து வந்தால்தான் பட்டன்.

மெக்கானிக்கோடு இத்தனை வருஷமாகக் கூண்டின் மேல் நிற்கிறவருக்கு நெட்டை என்று பெயர். ஆள் உண்மையில் குள்ளம். இடது கையில் சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கிடையாது. "ரெண்டு விரல் கம்மியா இருந்தா கையுறை ரொம்ப நாள் உழைக்குது," என்பார்.

அந்த மழை வாரத்தில் ஒருநாள் இரண்டு பேரும் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் அடிக்குழியில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். சுவர் கசிந்து நிறைந்த தண்ணீர். வாளியால் மொண்டு மொண்டு ஊற்றி, குழியைத் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மேலே போய்க் கயிற்றின் ஒவ்வொரு முழத்தையும் விரலால் தடவிப் பார்த்து, பிரேக்கைக் கழற்றி மாட்டி, கதவை இருபது தடவை திறந்து மூடி, கீழே வரும்போது மதியம் ஆகிவிட்டது. கம்பெனியின் சின்ன இன்ஜினியர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எல்லாம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார். மேல ஏறி ஒரு தடவை பாக்கறீங்களா?"

"நீங்க பாத்தா போதாதா? கார்டைக் குடுங்க. பேனா இருக்கா?"

பைக் சீட்டின் மேலேயே, லிஃப்டுக்குள் மாட்டும் அந்தக் கார்டை வைத்து, 'சோதித்தவர்' என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நெட்டை கால்சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "தண்ணி நம்முது. பேனா உன்னுது. கையெழுத்து மட்டும் அவனுது."

"அவர்கிட்ட பட்டம் இருக்கு. சட்டம் அப்படி."

"உன் பட்டம் எப்போடா வரும்?"

மெக்கானிக் வாளியை எடுத்துக் கவிழ்த்தார். ஆறு வருஷமாகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு முடிந்தது, மோட்டார் முடிந்தது, இரும்பின் பலம் பலவீனம் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு பாடம் நின்றது. தொழில்நுட்பத்துக்கும் வணிகத்துக்குமான ஆங்கிலம். அதிலும் எழுத்துப் பகுதியில் நல்ல மார்க். அறிக்கை எழுதுவார், கடிதம் எழுதுவார், சாமான் வாங்குவதற்கு விவரக் குறிப்பு எழுதுவார். சபையில் பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லும் வாய்மொழிப் பரீட்சையில்தான் இரண்டு தடவை விழுந்திருந்தார். மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் விழுந்தால் பட்டம் கிடையாது.

இரண்டாவது தடவை முடிந்தபோது இங்கிலீஷ் மேடம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "உங்க பேச்சு பரவாயில்ல சார். கேள்வி கேட்டா மட்டும் ஏன் அதையே திருப்பிச் சொல்லிட்டு அப்படியே நிக்கறீங்க? வெளியில இருந்து வந்த எக்ஸாமினர், 'இவருக்குக் கேள்வியே புரியலை'ன்னு எழுதிட்டுப் போறார்."

"நின்னேனா மேடம்?" என்றார் இவர்.

அவருக்குத் தெரியவே இல்லை. வகுப்பில் பாதி வயசுப் பிள்ளைகள் அவருக்கு 'எதிரொலி' என்று பெயர் வைத்திருந்தது மட்டும் தெரியும்.

மூன்றாவது பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வீட்டில் ஒத்திகை தொடங்கியது. முன்னறைதான் தையல் கடை. ஒரே மேஜை. காலையில் அதன் மேல் துணி வெட்டப்படும், சாயங்காலம் அதிலேயே பாடம். அவருடைய நோட்டுகளில் எல்லாப் பக்கத்திலும் சாக்குக்கட்டித் தூளும் நூல் பிசிறும் இருக்கும். அன்றைக்குத் தையல்காரி ஒரு ஆபீஸுக்காக நாற்பது திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. பச்சைத் துணி அறை முழுக்க அலையலையாகக் கிடந்தது. மகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எக்ஸாமினர் ஆனாள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் முதலாவது அவள்தான். 'உலக வணிகத்தில் தகவல் தொடர்பின் முக்கியத்துவம்' என்று அப்பாவுக்கு ஒரு பேச்சும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவர் அதை ஒப்பித்தார். பிசிறில்லாமல் வந்தது. தையல்காரி மெஷினை நிறுத்தவே இல்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் மகள்.

"எனக்கு என்ன தெரியும்? ரேடியோல வானிலை சொல்றவர் மாதிரி இருக்கு. அவர் வீட்டுக்கு மழை வராத மாதிரி."

மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இங்கிலீஷில் முதல் கேள்வி கேட்டாள். அவர் அந்தக் கேள்வியை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னார். நின்றார்.

மகள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். மழை சத்தம் கேட்டது. மகள் பேனாவால் மேஜையைத் தட்டினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பதில் சொல்லுங்கப்பா."

"சொல்றேன்."

"அப்புறம் என்ன?"

தையல் மெஷின் நின்றது.

"அடிப் பைத்தியமே," என்றாள் தையல்காரி. குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "நீ ஆமான்னு சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்டி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் லேசாக நீட்டி, எதன் மேலோ வைத்த மாதிரி காற்றில் நின்றுகொண்டிருந்தது.

"ரெண்டு தடவையும் இதுதானா?" என்றார் மெல்ல.

"ரெண்டு தடவையும் இதுதான். அந்த ஆளுங்க ஆமா சொல்லலை, நீங்க நகரலை. உப்பு ஜாடி மாதிரி நின்னுட்டு வந்திருக்கீங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மகள் சொன்னாள். "ஈசிதானப்பா. திருப்பிச் சொல்லாதீங்க. நேரா பதிலுக்குப் போயிடுங்க."

முயற்சி செய்தார். ஒரு கேள்வி, இரண்டு கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பதிலுக்குப் போனால் வார்த்தை குளறியது, நெற்றி வேர்த்தது. ஆறாவது கேள்வியில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னால முடியாதும்மா. ஆமா வராம நான் எதையும் தொட மாட்டேன்."

"ஏன்ப்பா? இது லிஃப்ட் இல்லையே, பேச்சுதானே?"

"பேச்சுதான். லிஃப்ட்லயும் பேச்சுதான்."

தையல்காரி திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். "விட முடியலைன்னா விடாதீங்க. ஏன் விட முடியலைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. வானிலை வேண்டாம். உங்க வேலையைச் சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் போனார். பிறகு மகளிடம் திரும்பி, இங்கிலீஷிலேயே பேச ஆரம்பித்தார். எழுதி வைக்காத பேச்சு. சின்னச் சின்ன வாக்கியம். மேடம் சொல்லிக் கொடுத்தபடி, நடந்ததை நடந்த வரிசையில். மகள் அம்மாவுக்காக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"லிஃப்ட்ல ரெண்டு பேர் வேலை செய்வாங்களாம்... ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ... குரல் மட்டும்தான் பாலமாம்..."

"அது எனக்கே தெரியும். மேல சொல்லு."

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாளாம். கடைசி லிஃப்டாம். பசியாம். கீழ இருந்தவர் இறக்குன்னு கேட்டாராம். இவர் இறக்கறேன்னு சொன்னாராம். பதில் வரலையாம்..."

மகள் நின்றுவிட்டாள். அவர் நிற்காமல் பேசிக்கொண்டே போனார், சுவரைப் பார்த்தபடி.

"என்னடி? என்ன சொல்றார்?"

"அம்மா..."

"சொல்லுடி."

"பதில் வரலேன்னா சரின்னுதான் அர்த்தம்னு நினைச்சாராம். அழுத்திட்டாராம். கீழ இருந்தவர் அந்த நேரத்துல தண்டவாளத்துல மாட்டின துணியை எடுக்கக் கையை நீட்டினாராம்." மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "நெட்டை மாமாம்மா. அவர் விரல்."

தையல்காரி மடியிலிருந்த திரைச்சீலையைக் கீழே வைத்தாள். பதினாலு வருஷமாக அந்தக் கையில் டீ டம்ளர் கொடுத்திருக்கிறாள். 'மெஷின்ல மாட்டிக்கிச்சு தங்கச்சி' என்று நெட்டை சொன்னதைத்தான் நம்பியிருந்தாள். பட்டன் யார் கையில் இருந்தது என்று கேட்கத் தோன்றியதில்லை.

அவர் பேசி முடித்திருந்தார். தமிழில், "இதை எப்படிச் சொல்றதுன்னே எனக்கு இத்தனை நாள் தெரியலை," என்றார். "அந்த பாஷையில எனக்கு வார்த்தை கம்மி. அதனால நேரா வந்துடுச்சு."

அவள் எழுந்து போய் டீ போட்டாள். அவர் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது சொன்னாள். "நெட்டை அண்ணன்கிட்ட கேக்காம இதை வெளியில சொல்லக் கூடாது."

மறுநாள் மதியம் நெட்டை வீட்டுக்கே வந்தார். தையல்காரி ரொட்டியும் வெங்காயம் போட்ட முட்டையும் வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் நெட்டை மென்றுகொண்டே யோசித்தார்.

"என் விரலை வச்சு நீ பரீட்சை பாஸ் பண்ணப் போற."

"வேண்டாம்னா விட்டுடறேன்டா."

"யாரு வேண்டாம்னா? ஒரு விரலுக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டுச் சொல்லு." பிறகு ரொட்டியைக் கீழே வைத்தார். "டேய், அன்னிக்கு நீ 'இறக்கறேன்'னு சொன்னது எனக்குக் கேட்டுச்சுல்ல, 'இருடா'ன்னு கத்தியிருக்கலாம்ல? நானும் வாயை மூடிக்கிட்டுதான் கையை நீட்டினேன். அதையும் சேத்துச் சொல்லு. தப்பு முழுக்க நீயே எடுத்துக்காத. பாதி என்னுது."

"நீங்களும் வாங்க மாமா," என்றாள் மகள் திடீரென்று. "செஞ்சு காட்டலாம். மேடம் டெமோ காட்டலாம்னு சொல்லியிருக்காங்கன்னு அப்பா சொன்னார்."

"நானா? இங்கிலீஷ்லயா?"

"நாலு வார்த்தைதான். ஒன் ஃப்ளோர் டவுன். யெஸ்."

அந்த நாலு வார்த்தைக்கு நெட்டை பத்து நாள் தயார் பண்ணினார். கட்டடத்துக்குக் கட்டடம் கூண்டின் தலை மேல் நின்று "ஒன் ஃப்ளோர் டவுன்!" என்று கத்த, ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் கதவை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

பரீட்சை நாளில் மழை விட்டிருந்தது. பல்கலைக்கழகத்து ஹாலில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். தையல்காரியும் மகளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முன்னால் மேடம். அவளுக்கு இரண்டு பக்கமும் வெளியிலிருந்து வந்த இரண்டு எக்ஸாமினர்கள், ஒருவருக்கு நரைத்த மீசை, இன்னொருவர் கழுத்தில் டை. மெக்கானிக்குக்கு முன் நாலு பிள்ளைகள் பேசினார்கள். திரையில் படம் வந்தது, வட்டம் வந்தது, அம்புக்குறி பறந்தது. இவர் முறை வந்ததும் கையில் ஒரு இரும்புப் பெட்டியோடு போனார். பெட்டியில் ஒரு பட்டன், மேலே ஒரு பல்பு. நெட்டை கதவுக்கு வெளியே, யார் கண்ணிலும் படாத இடத்தில் போய் நின்றுகொண்டார்.

பக்கத்து வரிசையில் யாரோ "எதிரொலி வந்தாச்சு" என்றது தையல்காரி காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். துணி வெட்டும்போது கத்தரியைப் பார்க்கிற பார்வை. அந்தப் பையன் குனிந்துகொண்டான்.

மெக்கானிக் இங்கிலீஷில் ஆரம்பித்தார். "என் வேலையிடத்தில் நாங்கள் மூன்று வரிகளில் பேசுவோம். இப்போது காட்டுகிறேன்."

வெளியிலிருந்து இடி மாதிரி வந்தது: "ஒன் ஃப்ளோர் டவுன்!"

சபை துள்ளியது. சிரித்தது.

"ஒன் ஃப்ளோர் டவுன்," என்றார் இவர்.

"யெஸ்!"

பட்டனை அழுத்தினார். பல்பு எரிந்தது. ஒன்றிரண்டு பேர் கை தட்டினார்கள்.

"மறுபடியும்," என்றார்.

"ஒன் ஃப்ளோர் டவுன்!"

"ஒன் ஃப்ளோர் டவுன்."

பதில் வரவில்லை.

அவர் விரல் பட்டன் மேல் இருந்தது. எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். யாரோ கிசுகிசுத்தார்கள், யாரோ சிரித்தார்கள். டை கட்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்புறம் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. அந்த ஹாலில் இங்கிலீஷ் தெரியாதவள் தையல்காரி ஒருத்திதான். ஆனால் அந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் மகளுக்கும்தான் தெரியும். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பல்பு எரியவில்லை. அவர் அப்போதுதான் பேசினார்.

"பதினாலு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில் நான் அழுத்திவிட்டேன்."

கதவைத் திறந்துகொண்டு நெட்டை உள்ளே வந்தார். நடு வழியில் நின்று இடது கையை உயர்த்தினார். மூன்று விரல். மெக்கானிக் வரிசையாகச் சொன்னார்: மழை, பசி, கடைசி லிஃப்ட், பதில் வராதது, அதைச் சரி என்று எடுத்துக்கொண்டது. பாதித் தவறு தன்னுடையது என்று நண்பர் சொல்கிறார், அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன் என்றார். "மௌனம் என்பது சம்மதம் இல்லை. மௌனம் என்பது தகவல் வரவில்லை என்பது. அவ்வளவுதான்," என்று முடித்தார்.

நரைமீசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கும் கம்பெனியோடு கடிதத்தில் வேலை நடக்கிறது. அங்கே இந்த மூன்று வரியை எப்படிக் கொண்டுபோவீர்கள்?

மெக்கானிக் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். நின்றார். விரல் லேசாக நீண்டது.

கடைசி பெஞ்சில் தையல்காரியின் உதடு தானாகவே 'ஆமா' என்று அசைந்தது. சத்தம் வரவில்லை.

நரைமீசைக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யெஸ்," என்றார்.

பதில் வந்தது பாருங்கள்! போன மாதம் ஒரு கதவு மோட்டாருக்காகத் தான் எழுதிய கடிதத்தையே சொன்னார். முதல் பத்தியில், நீங்கள் கேட்டதாக நான் புரிந்துகொண்டது இது; இரண்டாவதில், நான் செய்யப்போவது இது; மூன்றாவதில், சரி என்று நீங்கள் எழுதிய பிறகே தொடங்குவேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் சரி என்று எழுதவில்லை, அளவு தவறு என்று எழுதினார்கள். தவறான மோட்டார் வந்து இறங்காமல் போனது. டை கட்டியவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் இவர் திருப்பிச் சொல்ல, அவர் "யெஸ்" சொல்ல, இவர் பதில் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு டை கட்டியவரே முந்திக்கொண்டு தலையாட்டியபோது, "மன்னிக்கணும், வாயால் சொல்லுங்கள், லிஃப்ட் கிணற்றுக்குள் தலையாட்டினால் தெரியாது," என்றார். ஹால் சிரித்தது. இந்தத் தடவை அது வேறு சிரிப்பு.

வராந்தாவில் மேடம் பின்னாலேயே வேகமாக வந்தாள்.

"சார், ரிசல்ட் வியாழக்கிழமை பத்து மணிக்கு, ஆபீஸ் ஜன்னல்ல."

"வியாழக்கிழமை பத்து மணி, ஆபீஸ் ஜன்னல்."

அவள் போகாமல் நின்றாள். "ஆமா சார்," என்றாள். பிறகு நெட்டையிடம் திரும்பி, "உங்க உச்சரிப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

"நாலு வார்த்தைக்கு பத்து நாள் மேடம்," என்றார் நெட்டை. "அஞ்சாவது வார்த்தை வேணும்னா நோட்டீஸ் குடுக்கணும்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஆபீஸ் ஜன்னலில் வாங்கிய தாளை அவர் சட்டைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுவந்து, துணி வெட்டும் மேஜை மேல் விரித்தார். தையல்காரி அதன் நாலு மூலையிலும் நூல்கண்டை வைத்துப் பறக்காமல் பண்ணினாள். மகள் மார்க்கைச் சத்தமாகப் படித்தாள். நெட்டையை அழைத்து வரச் சொல்லி, அவர் வந்த பிறகு மறுபடியும் படிக்கச் சொன்னாள் தையல்காரி.

"என் வீட்டுக்காரர்," என்றாள் யாரிடமோ சொல்வது போல. திரைச்சீலைக்கு வளையம் மாட்டப் போய்விட்டாள்.

கம்பெனியில் காகிதம் நகர்ந்து, பேர் ஏறி, அவரே கையெழுத்துப் போடலாம் என்று உத்தரவு வர இரண்டு மாசமானது. அந்த நாற்பது திரைச்சீலையும் பிடித்துப்போய் ஆபீஸ்காரர்கள் இன்னும் இருபது கேட்டிருந்தார்கள். ஆபீஸ் அதே ஆறு மாடிக் கட்டடத்தில், நாலாவது மாடியில். ஒரு மூட்டையை அவளும் ஒரு மூட்டையை அவரும் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்கள். பட்டன்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள், புதுக் கார்டு.

அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். 'சோதித்தவர்.' அதற்கு நேரே அவருடைய கையெழுத்து.

"இவ்ளோ சின்னதாவா போடுவீங்க?"

"கட்டமே அவ்ளோதான் இருக்கு."

"கொஞ்சம் வெளியில வந்தாதான் என்ன?"

மூட்டையிலிருந்து துண்டுத் துணி ஒன்றை உருவி, கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி படித்தாள். அதற்குள் கையில் ஃபைலோடு ஒரு இளைஞர் அவசரமாக உள்ளே வந்து நின்றார்.

"நாலாவது மாடி," என்றாள் அவள்.

"நாலாவது மாடி," என்றார் மெக்கானிக். விரல் பட்டன் மேல் போய் நின்றது.

கதவு திறந்தபடி இருந்தது. ஃபைல்காரர் இவரைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார். "சார், அழுத்துங்க சார், எனக்கு மீட்டிங் இருக்கு."

"இருங்க தம்பி," என்றாள் தையல்காரி. "அவர் என்னைக் கேட்டிருக்கார்."

கார்டை இன்னும் ஒரு தடவை, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, அவசரமில்லாமல் பார்த்து முடித்தாள். மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள்.